‘சரி’யை அழுத்தியது யார்?

“ஆம்புலன்ஸை ரத்து பண்ணது இறந்துபோனவரோட மனைவிதான். எங்க சிஸ்டத்துல தெளிவா இருக்கு.”

ஆம்புலன்ஸ் செயலிக் கம்பெனியின் புரோகிராமர் இதைச் சொன்னபோது அவன் குரலில் வருத்தம் இல்லை. நிம்மதிதான் இருந்தது.

அந்த நிம்மதி பூச்சிக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. துப்பறியும் வேலைக்கு உதவியாளனாக வருவதற்கு முன் அவன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டியவன். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்த்துப் பிழை பிடிப்பது வேலை. அந்த உலகத்தில் பிழைக்கு ‘பக்’, அதாவது பூச்சி, என்று பெயர். பிடித்துப் பிடித்து, கடைசியில் அந்தப் பெயரே அவன் மேல் ஒட்டிக்கொண்டது. தப்பு நம்முடையதில்லை என்று தெரிந்த நொடியில் ஒரு புரோகிராமரின் முகம் எப்படி மலரும் என்பதை அவன் ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். ஆனால் அப்போதெல்லாம் யாரும் செத்திருக்கவில்லை.

“மனைவின்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார் மேடம்.

மேடம்தான் பூச்சியின் முதலாளி. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான உருவம், மெல்லிய குரல். கேட்ட கேள்வியையே வேறு வேறு பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் ‘துருவல்’ என்று அழைக்கப்படுபவர்.

“அவங்க போன்ல இருந்துதானே மேடம் ரத்து ஆயிருக்கு?”

“போன் ரத்து பண்ணுச்சு. சரி. விரல் யாருது?”

புரோகிராமர் உதட்டைப் பிதுக்கினான். “விரலை எல்லாம் நாங்க பதிவு பண்றதில்ல.”

விஷயம் இதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் ஒரு மாலை நேரத்தில் வீட்டுக் கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மனைவி தன் போனில் இருந்த செயலி வழியாக ஆம்புலன்ஸை அழைத்தாள். சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் அவருடைய அண்ணன் ஓடிவந்தார். இருவரும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் வண்டி அனுப்பவில்லை என்று அண்ணன் கம்பெனியோடு சண்டைக்குப் போனபோது, அவர்கள் தூக்கிப் போட்ட பதில்: உங்கள் வீட்டிலிருந்தே ரத்து செய்துவிட்டீர்கள்.

அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்ச்சண்டை நடந்ததை அண்ணன் மாடியிலிருந்து கேட்டிருந்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்தார். போலீஸ் ‘இதை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது’ என்று கைவிரித்தது. அவர் நேராக மேடத்திடம் வந்தார். “என் தம்பியை அவ ஏன் சாக விட்டா? அதைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

“நான் கண்டுபிடிக்கிறது எதுவோ அதைத்தான் சொல்லுவேன். நீங்க நினைக்கிறதை இல்ல” என்றார் மேடம். அண்ணன் அதற்கு ஒப்புக்கொண்டார்.

“ரத்து பண்ற பொத்தானைக் காட்டுங்க” என்றார் மேடம் இப்போது.

புரோகிராமர் ஒரு போனை எடுத்துச் சிவப்பு வட்டத்தை அழுத்தினான். ‘உங்கள் அழைப்பு கிடைத்தது’ என்று வந்தது. உடனே அதன் மேல் ஒரு பெட்டி குதித்தது.

*இந்த அழைப்பு தவறுதலாகச் செய்யப்பட்டிருந்தால் கைவிடப்படும்.*

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, ‘சரி’. மற்றொன்று, ‘இல்லை, வண்டி வேண்டும்’.

“பாக்கெட்ல போனைப் போட்டுட்டு, தெரியாம அமுக்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடறாங்க மேடம். டிரைவர் போய் நின்னா ஆள் சினிமா பார்த்துக்கிட்டிருக்கார். அதைத் தடுக்கத்தான் இந்தப் பெட்டி.”

பூச்சி போனைக் கையில் வாங்கிப் பார்த்தான். “தம்பி, வண்டி வேணும்னா எதை அழுத்தணும்?”

“இல்லை.”

“வேண்டாம்னா?”

“சரி.”

“வேணும்னா இல்லை, வேண்டாம்னா சரி! பொண்ணு பார்க்கப் போனா ஜாக்கிரதை தம்பி. உங்களை வேண்டாம்னு சொன்ன பொண்ணு வீட்டுக்கு மேளக்காரனைக் கூட்டிட்டுப் போய் நிப்பீங்க.”

“முழுசாப் படிச்சாப் புரியும் சார்.”

“புருஷன் தரையில கிடக்கிறார். அந்தம்மா என்ன, பரீட்சைக்கா உக்காந்திருந்தாங்க?”

“எங்களால அதுக்கு என்ன பண்ண முடியும்? அது பயன்படுத்தறவங்க தப்பு.”

“நான் வேலை பார்த்த இடத்துல பிழைன்னு சொன்னா மூணே பதில்தான் வரும்” என்றான் பூச்சி. “‘என் மெஷின்ல ஓடுதே’, ‘அது பிழை இல்ல, வசதி’, ‘அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்க’. நீங்க நாலாவது ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க. ‘பொண்டாட்டிதான் கொன்னா.’”

புரோகிராமரின் முகம் வெளுத்தது. பூச்சிக்கே கொஞ்சம் உறைத்தது. மேடம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“யாரும் எதையுமே அழுத்தலைன்னா?”

“கொஞ்ச நேரத்துல பெட்டி தானா மறைஞ்சிடும். வண்டி வந்துடும்.”

“‘சரி’ அழுத்தினா?”

அவன் அழுத்திக் காட்டினான். திரை முழுக்க ஒரு பெரிய பச்சை ‘டிக்’ வந்தது. *நன்றி! உங்கள் பதில் ஏற்கப்பட்டது.*

மேடம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான், வண்டி வருகிறது என்று நம்பி அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“கடைசியா ஒண்ணு. பெட்டி வந்ததுக்கும் அழுத்தினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

அவன் கம்ப்யூட்டரில் தேடினான். “கண் சிமிட்டுற நேரம்தான் மேடம். முதல் வார்த்தையைக்கூடப் படிச்சிருக்க மாட்டாங்க.” சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கே எட்டியது போலிருந்தது.

நிஜ வண்டியை அனுப்பாத, சோதனைக்கு என்று வைத்திருக்கும் செயலி ஒன்றைப் பூச்சி கேட்டு வாங்கிக்கொண்டான். புரோகிராமர் மறுக்கவில்லை.

*

மனைவி இப்போது தன் தங்கை வீட்டில் இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியை. பேச்சு ஊர் முழுக்கப் பரவியதும் ‘கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்குங்க’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பதினாறு வயது மகள், அம்மாவின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று பெரியப்பாவோடு போய்விட்டாள்.

துவைத்த துணிகள் குவிந்த கட்டிலின் ஓரத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் யார் என்று சொன்னதும், “அத்தான் அனுப்பினாரா?” என்று கணவரின் அண்ணனைக் குறிப்பிட்டுக் கேட்டாள்.

“ஆமாம்மா” என்றார் மேடம். “உங்க போனைப் பார்க்கலாமா?”

போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த போனை அவள் எடுத்து நீட்டினாள். பூச்சி திறந்தான். ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் அகலம் இருந்தது.

“இது போனா, கடை போர்டா?”

அவள் சிரிக்கவில்லை. “எனக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது. எங்க வீட்டுக்காரர்தான் எழுத்தைப் பெருசாக்கிக் கொடுத்தார்.”

பூச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். சோதனைச் செயலியை அந்தப் போனில் ஏற்றிச் சிவப்பு வட்டத்தை அழுத்தினான். பெட்டி வந்தது. பெரிய எழுத்தில் வாக்கியமே பாதித் திரையை அடைத்துக்கொண்டது. அதன் கீழே ‘சரி’. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. ‘இல்லை, வண்டி வேண்டும்’ திரைக்கு வெளியே எங்கோ கீழே தள்ளப்பட்டிருந்தது. விரலால் இழுத்துப் பார்த்தால்தான் வரும். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாதவர்கள் எதற்காக இழுக்கப் போகிறார்கள்?

“மேடம்” என்று கிசுகிசுத்தான். “இருக்கிறதே ஒரு பொத்தான்தான்.”

மேடம் தலையசைத்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. திரையின் மேற்பகுதியில் அறிவிப்புகள் வரிசை கட்டி நின்றன. புதுப்பிக்கவா, பிறகு பார்க்கலாமா? இடம் நிரம்புகிறது, காலி செய்யவா? இந்தச் செயலி பிடித்திருக்கிறதா? மாதக்கணக்கில் யாரும் பதில் சொல்லாத கேள்விகள்.

“ஏம்மா இதையெல்லாம் அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க?”

“பயம்தான்.” அவள் ஒரு சின்னச் சட்டையை மடித்தாள், திரும்பப் பிரித்தாள். “முன்ன ஒரு தடவை ஏதோ கேட்டுச்சு. சரின்னு அழுத்தினேன். எம்பொண்ணு குழந்தையா இருந்தப்போ எடுத்த போட்டோ எல்லாம் போயிடுச்சு. அதுலேர்ந்து எந்தப் பெட்டி வந்தாலும் தொட மாட்டேன். அவர்கிட்ட நீட்டிடுவேன். ‘இதுக்குக்கூட நான் வேணுமா’ன்னு திட்டுவார். அன்னிக்குக் காலையில சண்டைகூட அதுக்குத்தான்.”

கதவோரம் நின்ற தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பெட்டி வந்தப்போ என்ன பண்ணீங்க?”

“நீட்டினேன்.”

“யார்கிட்ட? உங்க வீட்டுக்காரர் தரையில கிடந்தாரே.”

அவள் கை நின்றது. “ஞாபகம் இல்ல.”

“அவர் என்ன சட்டை போட்டிருந்தார்?”

“சாம்பல் கலர். மேல் பட்டன் அறுந்து சோபாவுக்கு அடியில உருண்டு போச்சு.”

“சமையலறையில?”

“குழாயை மூடாம ஓடி வந்துட்டேன். தண்ணி விழுந்துக்கிட்டே இருந்துச்சு.”

“இவ்வளவும் ஞாபகம் இருக்கு. போனை யார்கிட்ட நீட்டினீங்கங்கிறது மட்டும் இல்லையா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ஒரு பிடிவாதம் இருந்தது. “நான் எதைச் சொன்னாலும் பழியைத் திருப்பிப் போடறான்னுதான் சொல்லுவாங்க. போதும், போங்க.”

தெருவுக்கு வந்ததும் பூச்சி பொரிந்து தள்ளினான். “அந்தப் பெட்டியை அவங்க தொட்டே இருக்க மாட்டாங்க மேடம், பயந்தே சும்மா விட்டிருப்பாங்க. விட்டிருந்தா வண்டி வந்திருக்கும். ஆள் பிழைச்சிருப்பார். வேற யாரோதான் அழுத்தியிருக்கணும். கார் கொண்டு வந்தாரே எதிர்வீட்டுக்காரர், அவர் மேலதான் எனக்குச் சந்தேகம். உதவி பண்ண வந்தவங்கதான் மேடம் எப்பவும் உபத்திரவம்.”

“அவர் வந்தப்போ வண்டிக்காகக் காத்துக் காத்து அலுத்துப் போயிருந்தாங்க. பெட்டி அதுக்கு ரொம்ப முன்னாடி வந்தது” என்றார் மேடம். “அச்சகத்துக்குப் போ.”

“நம்மளை அமர்த்தின அண்ணனோட அச்சகத்துக்கா? அவருக்கு இப்ப என்ன சொல்லப்போறீங்க?”

மேடம் கார் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி வந்தார். பூச்சி அடுத்த சிக்னலில் தானாகவே வாயை மூடிக்கொண்டான். அந்த மாலையில் அவளோடு போன் பக்கத்தில் நின்றது யார் என்று அவனுக்கும் உறைத்துவிட்டது.

*

அண்ணன் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். எழுத்து எழுத்தாகப் பார்க்கிறவர். ஒரு கால் விடுபட்டாலும், ஒரு புள்ளி கூடினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று ஊரில் பெயர். உள்ளறையில் தம்பி மகள் காகிதங்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“உங்க தம்பி மனைவி அழுத்தல.”

அவர் முகம் கறுத்தது. “அவ போன் மேடம் அது. அவ கையில இருந்ததை நான் பார்த்தேன்.”

மேடம் பெட்டியைப் பற்றியும், பெரிய எழுத்தைப் பற்றியும், தொடப் பயந்து விட்ட கேள்விகளைப் பற்றியும் சொன்னார். அவர் குறுக்கே குறுக்கே தலையாட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் அவருடைய கம்ப்யூட்டர் ஏதோ ஒலி எழுப்பியது. திரையில் ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் மேடத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கொசு அடிக்கிற மாதிரி ‘மவுஸை’த் தட்டி அதை விரட்டினார்.

“நடிப்பு மேடம் அது. பயமாம், பயம்! பெட்டி வந்தா பதில் சொல்ல என்ன பயம்?”

“இப்ப உங்க கம்ப்யூட்டர் என்ன கேட்டுச்சு?”

“எப்ப?”

“இப்பத்தான். அழுத்தினீங்களே.”

அவர் திரையைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை இல்லை. வெறும் நீலம். “அது... ஏதோ வந்துச்சு. எப்பவும் வரும். அதையெல்லாம் யார் படிக்கிறா?”

“புதுப்பிக்கணும், திருத்தினதைச் சேமிக்காம மூடவான்னு கேட்டுச்சு சார்” என்றான் பூச்சி மெதுவாக. அவனுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. “நீங்க ‘சரி’ன்னுட்டீங்க.”

எழுத்து எழுத்தாகப் பார்க்கிற அந்த மனிதர் வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தார். மேடம் அவசரப்படுத்தவில்லை.

“உங்க தம்பி விழுந்தப்போ நீங்க கீழே ஓடி வந்தீங்க. அவங்க போனோட நின்னுக்கிட்டிருந்தாங்க. உங்களைப் பார்த்ததும் என்ன சொன்னாங்க?”

“ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன்னு...”

“அப்புறம்?”

அவர் வலது கை மெல்ல மேலே வந்து, காற்றில் எதையோ வாங்கி, கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தது. அதைக் கொடுத்த பிறகுதான் அந்தக் கை என்ன செய்தது என்று அவருக்கே தெரிந்தது.

“‘என்னமோ கேக்குது, பாருங்க அத்தான்’னா” என்றார். “நான் தம்பி மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பச்சையா வந்துச்சு. ‘போட்டாச்சு, வந்துடும்’னு சொன்னேன். நான்தான் சொன்னேன்.”

பூச்சி எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் ஏதாவது ஒரு கேலி நாக்கு நுனியில் தயாராக இருக்கும். இன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. இவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கிறவன் துப்பறிகிறவரைத் தேடிவந்து அமர்த்த மாட்டான். நாளெல்லாம் விரட்டுகிற பெட்டிகளில் அதுவும் ஒன்று. மனசில் தங்குகிற காரியமாகவே அது பட்டிருக்காது.

“அவளுக்குத் தெரியுமா?” என்றார் அவர்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா?”

மேடம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “தப்பு அந்தப் பெட்டியோடது. நான் எங்கே வேணும்னாலும் வந்து அதைச் சொல்லுவேன். ஆனா உள்ளே ஒரு பொண்ணு இருக்கா. அவகிட்ட அவ அம்மாவைப் பத்தி நீங்க சொன்னது ஒண்ணு இருக்கு. அதை நான் திருத்த முடியாது.”

அண்ணன் எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவு மூடியது. முதலில் அவருடைய குரல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. காகிதக் கட்டு ஒன்று தரையில் விழுந்து சிதறும் சத்தம். பூச்சி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தம்பி மகள் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். பிறகு திரும்பி, “நீங்களே வந்து அம்மாகிட்ட சொல்லுங்க பெரியப்பா. உங்களுக்காக நான் பேச மாட்டேன்” என்றாள்.

அவர் கதவைப் பூட்டப் பார்த்தார். சாவி துவாரத்தில் ஏறவில்லை. பூச்சி அதை வாங்கிப் பூட்டினான்.

வழியில் மேடம் முன் சீட்டிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். “அந்தப் பெட்டி இந்த நிமிஷம் எத்தனை பேர் போன்ல இருக்கு தம்பி? ...இன்னிக்கே எடுத்துடுங்க. யார் அனுமதி வேணும்னாலும் வாங்குங்க. எடுக்கலைன்னா நாளைக்குப் பத்திரிகைக்காரங்களோட வந்து உங்க வரவேற்பறையில உக்காருவேன்.” எதிர்முனையில் என்ன சொன்னானோ, “நல்லது” என்று மட்டும் சொல்லி வைத்தார். பின் சீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

தங்கை வீட்டில் கதவைத் திறந்தது மனைவியேதான். முதலில் மகளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தலை குனிந்து நின்ற மனிதரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. சட்டென்று மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஏன் சொன்னீங்க இவர்கிட்ட? தம்பியைத் தோள்ல தூக்கி வளர்த்த மனுஷன். இதைத் தாங்குவாரா?”

“உங்க பொண்ணு எதைத் தாங்கிக்கிட்டிருந்தான்னு நான் பார்த்தேம்மா” என்றார் மேடம்.

மகள் ஒரு அடி எடுத்து வைத்தாள். “அம்மா” என்றாள். தாய் அவளைப் பிடித்து இழுத்துத் தோளில் புதைத்துக்கொண்டாள். தலைமுடியைக் கோதினாள். வாசற்படிக்கு வெளியே அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான்தான்மா” என்றார். “நான்தான் அழுத்தினேன்.”

“தெரியும் அத்தான்.” மகளின் தலைக்கு மேலாக அவரைப் பார்த்தாள். “அதுக்காக உங்க மேல ஒரு நாளும் எனக்குக் கோபம் வரல. நான்தானே நீட்டினேன். ஆனா இவகிட்ட என்னைக் கொலைகாரின்னு சொன்னீங்க. இவளைக் கூட்டிட்டுப் போனீங்க. அதுக்குக் கோபம் இருக்கு. இன்னும் ரொம்ப நாள் இருக்கும்.”

“இருக்கட்டும்மா” என்றார் அவர். “நீ எவ்வளவு நாள் வெச்சிருந்தாலும் நான் வந்து நிப்பேன்.”

அவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. மகளை அணைத்தபடி உள்ளே நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் அதில் உட்கார்ந்தார்.